புதுப்பிப்பு: கற்றல் மூலைகளில் நெரிசல், உடுப்புக் கிளிப் கைகொடுத்தது

போன தவணை இங்கே கேட்டிருந்தேன்: இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலை, தரம் 1, 28 பிள்ளைகள், நான்கு கற்றல் மூலைகள் (வகுப்பறைக்குள் பிள்ளைகள் செய்து, விளையாடிப் படிக்கும் இடங்கள்). எல்லோரும் கட்டை அடுக்கும் மூலைக்கே ஓடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மணியடித்து மாற்றும் யோசனையை முதலில் பார்த்தேன். சரிவரவில்லை, பாதி கட்டிய வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் ஒரே அழுகை. கைகொடுத்தது கிளிப் யோசனைதான். மூலைக்கு ஒரு கயிறு, அதில் எட்டுக் கிளிப். பெயர் அட்டையை மாட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். கிளிப் காலி இல்லையா, வேறு மூலை. (மொத்தம் 32. நாலு மிச்சம் இருந்தால்தான் இடம் மாற முடியும்; முதலில் 28 போட்டு மாட்டிக்கொண்டேன்.) மூன்றாம் நாளே தாங்களாக நகரத் தொடங்கினார்கள்.

மூடுபனி ஈரத்தில் அட்டைகள் தொய்ந்துபோயின. செலோடேப் சுற்றியபின் பரவாயில்லை.

எதிர்பாராதது கடை மூலை. அங்கே வைத்த தராசில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிறார்கள்! தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக நின்றவள் "கூடைக்கு ரெண்டு கிலோ கழிச்சாச்சு" என்றாள். கொழுந்து கொண்டுவந்தவள் விடுவதாயில்லை. கழித்தலை நான் இன்னும் தொடங்கவே இல்லை.

வாசிப்பு மூலை மட்டும் இன்னும் மந்தம்தான்.