பிள்ளைகளின் போனைக் கண்காணிக்கும் ஆப்: நம்பிப் போடலாமா?

எல்லோருக்கும் வணக்கம். மகன் எட்டாம் வகுப்பு. வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, அதனால் போனைப் பிடுங்கி வைக்க வழியில்லை. ஒரு கண்காணிப்பு ஆப் போட்டோம். முதலில் ஒழுங்காக இருந்தது. அப்புறம் பையன் டியூஷனில் இருக்கும்போது வீட்டில் இருப்பதாகக் காட்டியது. இரவு பூட்ட வேண்டிய நேரம் தாண்டியும் யூடியூப் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி சேமிப்பு, பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும் என்றார் செல்போன் கடைக்காரர். அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தும், ஆப் தானாகத் தொடங்கும் ஆட்டோ ஸ்டார்ட்டை அனுமதித்தும் பெரிய மாற்றமில்லை.

கூகுளின் சொந்தக் கண்காணிப்பு ஆப்பான ஃபேமிலி லிங்க் இலவசம், நேர வரம்பு வைக்கலாம், புது ஆப் இறக்க நம் அனுமதி கேட்கும் என்பது தெரியும். செய்திகளைக் காட்டாது. அதுவும் நல்லதுதான், அவன் நண்பர்களோடு பேசுவதைப் படிக்க எனக்கு ஆசையில்லை. நேரமும் இருப்பிடமும் சரியாகத் தெரிந்தால் போதும்.

ஆண்ட்ராய்டில் மாதக்கணக்கில் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குப் பூட்டு உண்மையிலேயே விழுகிறதா? போனில் நேரத்தை மாற்றிவைத்துப் பிள்ளைகள் ஏமாற்ற முடிகிறதா? காசு கொடுத்து வாங்கும் ஆப்களில் வித்தியாசம் உண்டா? வாட்ஸ்அப்பை ரகசியமாகப் படித்துக் காட்டும் ஆப்களை மட்டும் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம். ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கச் சொல்கிறார்கள், அதுவே பயமாக இருக்கிறது.