புதுப்பிப்பு: வெள்ளவத்தைப் பின்வளவில் காட்டுப்பூக்கள்

தும்பையும் கிலுகிலுப்பையும் விதைத்த இடத்தைப் புல் விழுங்குகிறது, என்ன செய்வது என்று சித்திரையில் கேட்டிருந்தேன். உரம் போடாதீர்கள் என்ற பதில்தான் கைகொடுத்தது. கொழுத்த மண்ணில் புல்தான் முந்திக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு முன் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, மணல் கலந்து, மறுபடி விதை தூவினேன்.

இப்போது தும்பை முழங்கால் உயரம்! தேனீ பூவுக்குள் தலையை நுழைக்கும்போது, மயிரடர்ந்த மேலிதழ் அதன் முதுகில் கவிந்து மகரந்தத்தைப் பூசிவிடுகிறது. குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நுளம்பு பெருகும் என்று பயந்த பக்கத்து வீட்டு அக்காவை அழைத்துக் காட்டினேன். தண்ணீர் தேங்க ஒரு சிரட்டைகூட இல்லை.

காய் முற்றியதும் அரிந்து, சில நாள் அங்கேயே காயவிட்டு, விதை உதிர்ந்தபின் சருகை அள்ளிவிடுவேன். கிடந்து மக்கினால் மண் மறுபடி கொழுத்துவிடும்.