அப்பாவோட பாமினி ஃபைல் புது லேப்டாப்ல இங்கிலீஷ் எழுத்தா வருது, யாராவது உதவுங்க

வாத்தியார் மகள், குளச்சல்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனவங்க, போன ஐப்பசியில தவறிட்டாங்க. ரிட்டயர்டு ஆனதுக்கு அப்புறம் தினமும் சாயங்காலம் கடற்கரையில போய் உக்காந்து வள்ளத்துக்காரங்க, கட்டுமரக்காரங்க பேசுற வார்த்தை எல்லாம் கேட்டு கேட்டு வேர்டுல, பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சு வச்சிருந்தாங்க. கரமடி, தட்டுமடின்னு வலை பேரு, கொண்டல், கச்சான்னு காத்து பேரு, மீன் பேருன்னு மொத்தம் 184 பக்கம் இருக்கு. வர்ற மாசம் முதலாம் ஆண்டு பூசை, அதுக்குள்ள இத ஒரு சின்ன புக்கா அடிச்சு கடற்கரையில உள்ளவங்களுக்கும் சொந்தக்காரங்களுக்கும் குடுக்கணும்னு நானும் தம்பியும் நினைச்சோம்.

இப்ப ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, ஃபைல என்னோட புது லேப்டாப்ல (விண்டோஸ் 11) திறந்தா தமிழே இல்ல, இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா நிறைய வருது, ஆனா மேல ஃபான்ட் பெட்டியில பாமினின்னுதான் காட்டுது. ரெண்டாவது, அப்பாவோட பழைய கம்ப்யூட்டர்ல தமிழ் ஒழுங்கா தெரியுது, ஆனா அதுல நிறைய எழுத்துப்பிழை. கடல்ங்கிறது குடல்னு இருக்கு, ஒரு என்கிறது ஓரு, எங்கள் என்கிறது ஏங்கள். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவுக்கு பார்வை சரியில்லாம இருந்திருக்கும்னு தம்பி சொல்லுதான். 34 வருஷம் பிள்ளைங்களுக்கு ஒற்றுப்பிழை திருத்தினவங்க, பாக்க ரொம்ப சங்கடமா இருக்கு. பிழைய நான் ஒவ்வொண்ணா திருத்திக்கிடுவேன், மொதல்ல லேப்டாப்ல தமிழ் வர வழி சொல்லுங்க.

கருங்கல் தம்பி:

அக்கா ரொம்ப ஈஸி, கன்ட்ரோல் ஏ அடிச்சு மொத்தத்தையும் செலக்ட் பண்ணி ஃபான்ட்ட லதான்னு மாத்துங்க, தமிழ் வந்திரும்.

வாத்தியார் மகள், குளச்சல்:

தம்பி நீங்க சொன்ன மாதிரி மாத்தினேன், இங்கிலீஷ் எழுத்து அப்படியே இன்னும் தெளிவா வந்துச்சு. சரி சேவ் பண்ணி மூடித் திறந்தா வருமோன்னு சேவ் பண்ணிட்டேன். வரல்ல. அந்த ஃபைல பென்டிரைவ்ல எடுத்து பழைய கம்ப்யூட்டர்ல போட்டு திரும்ப பாமினின்னு மாத்துனா தமிழ் வந்துச்சு, ஆனா அப்பா மீனுக்கு பக்கத்துல இங்கிலீஷ்ல போட்டிருந்த அறிவியல் பேரு எல்லாம் தமிழ் எழுத்தா குழம்பிக் கிடக்கு. சாளைக்கு சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ்னு போட்டிருந்தாங்க, அது இப்ப ளுயசன... அப்படின்னு ஆரம்பிக்குது. கை எல்லாம் நடுங்குது, என்ன செய்ய?

மார்த்தாண்டம் டிடிபி:

அக்கா, மொதல்ல அந்த ஃபைல தொடாதீங்க, இனிமே எதையும் சேவ் பண்ணாதீங்க. பழைய கம்ப்யூட்டர்ல அப்பா வச்சிருந்த ஒரிஜினல் இருக்குல்லா? நீங்க மாத்தினது லேப்டாப்புக்கு கொண்டு வந்த காப்பியைத்தான? அப்படின்னா ஒண்ணும் போகல, பயப்படாதீங்க.

நான் 20 வருஷமா டிடிபி பண்ணுதேன், கல்யாண கார்டு, அசன நோட்டீஸ், கோயில் கொடை நோட்டீஸ்னு எல்லாமே பாமினியிலதான் ஆரம்பிச்சோம், அதனால இது என்னன்னு வெவரமா சொல்லுதேன். பாமினி ஃபைலுக்குள்ள தமிழ் எழுத்தே கிடையாது. உள்ள இருக்குறது இங்கிலீஷ் எழுத்துதான், அதுக்கு மேல தமிழ் படத்த போத்துன மாதிரி ஃபான்ட் காட்டுது. அம்மான்னு அடிச்சா உள்ள எம், கே, செமிகோலன், கே, எச். தமிழ்னு அடிச்சா ஜே, கே, பி, ஓ, செமிகோலன். பாமினி இல்லாத மெஷின்ல போத்துறதுக்கு ஆளில்ல, அதனால உள்ள உள்ளது அப்படியே வெளிய தெரியுது. லதா யூனிகோடு ஃபான்ட், அதாவது தமிழ் எழுத்துக்குன்னே தனி குறியீடு உள்ள முறை, அதுல எம் போட்டா எம்தான் வரும், அ வராது. கருங்கல் தம்பி நல்ல மனசோடதான் சொல்லியிருக்காப்ல, ஆனா பாமினி ஃபைலுக்கு அது சரிப்படாது. அது மட்டுமில்ல, எது தமிழ் எது இங்கிலீஷ்ங்கிற வித்தியாசம் அந்த ஃபைல்ல ஃபான்ட் பேர்ல மட்டும்தான் இருந்துச்சு, மொத்தத்தையும் லதா ஆக்குன உடனே அது அழிஞ்சு போச்சு. அதான் மீன் பேரு குழம்பிட்டு.

இப்ப செய்ய வேண்டியது: பழைய கம்ப்யூட்டர்ல ஒரிஜினல திறந்து மொதல்ல பிடிஎஃப்பா ஒரு காப்பி எடுங்க, பிடிஎஃப்ல ஃபான்ட்டும் சேர்ந்தே போயிரும், போன்ல கூட அப்படியே தெரியும். இனி எது குழம்பினாலும் அப்பா அடிச்சது எப்படி இருந்துச்சுன்னு பாக்க அதுதான் சாட்சி. அடுத்து கன்ட்ரோல் பேனல்ல ஃபான்ட்ஸ் போய் பாமினிய பென்டிரைவ்ல காப்பி பண்ணி, லேப்டாப்ல ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ் குடுங்க. சும்மா இன்ஸ்டால் மட்டும் குடுத்தா சில புரோகிராம்ல தெரியாம போகும். வேர்ட மூடித் திறங்க, தமிழ் வந்திரும்.

வாத்தியார் மகள், குளச்சல்:

வந்துட்டு அக்கா!! அம்மா பக்கத்துல நின்னு பாத்துட்டு அழுதுட்டாங்க. ரொம்ப ரொம்ப நன்றி.

மார்த்தாண்டம் டிடிபி:

சந்தோசம். ஆனா நீங்க சொன்ன ரெண்டாவது விஷயம் என் மனசுல நிக்குது. கடல் குடல் ஆனதும், ஒரு ஓரு ஆனதும் வாக்கியத்தோட தொடக்கத்துல மட்டுமா, நடுவிலயுமா? கொஞ்சம் பாத்து சொல்லுங்க. இ-யில தொடங்குற வார்த்தை ஏதாவது தப்பாகியிருக்கான்னும் பாருங்க.

வாத்தியார் மகள், குளச்சல்:

நீங்க கேட்டப்புறம்தான் உக்காந்து ஒரு மணிநேரம் பாத்தேன். நடுவுல ஒண்ணு கூட தப்பில்ல அக்கா. வாக்கியம் தொடங்குற எடத்துலயும் பாரா தொடங்குற எடத்துலயும்தான். கொண்டல் கோண்டல்னு இருக்கு, கச்சான் குச்சான், கரமடி குரமடி, தட்டுமடி துட்டுமடி, சாளைக்கு ச-வுக்கு பதிலா சு வந்து பக்கத்துல கால் தனியா நிக்குது. இறால், முரல், சோழகம் எல்லாம் சரியா இருக்கு. இ-யில ஒண்ணுமே தப்பில்ல. எப்படி கேட்டீங்க?

மார்த்தாண்டம் டிடிபி:

அக்கா, அப்பா ஒரு பிழையும் பண்ணல. இது வேர்டு பண்ணின வேலை.

வேர்டுல ஆட்டோகரெக்ட்னு ஒண்ணு இருக்கு, வாக்கியத்தோட மொத எழுத்து சின்ன எழுத்தா இருந்தா அதுவே பெரிய எழுத்தா மாத்திரும். இங்கிலீஷுக்கு அது நல்லது. ஆனா பாமினியில சின்ன எம் அ, பெரிய எம் ஆ. சின்ன எஃப் க, பெரிய எஃப் கு. கடல்னா எஃப், எல், ஒய், செமிகோலன், அந்த எஃப்ப பெருசாக்கினா குடல். கொண்டலுக்கு மொதல்ல வர்ற கொம்பு சின்ன என், அத பெருசாக்கினா ரெட்டைச்சுழிக் கொம்பு, அதான் கோண்டல். இ-க்கு பாமினியில கமா, அதுக்கு பெரிய எழுத்து ஏது, அதனால தப்பிச்சுட்டு. முரல்ல மு-வும் சோழகத்துல அந்த கொம்பும் ஏற்கனவே பெரிய எழுத்து, அதனால அதுவும் தப்பிச்சுட்டு. கண்ணு தெரியாம அடிச்சா நடுவுலயும் தப்பு வரும், இ-யிலயும் வரும். இவ்வளவு ஒழுங்கா மொத எழுத்துல மட்டும் தப்பு வராது.

இன்னொன்னும் பாருங்க, ரெண்டு பெரிய எழுத்து சேந்து வந்தா ரெண்டாவத சின்னதாக்குற வேலையும் அதுக்கு உண்டு. எங்க கடையில புது ஆளு வேலைக்கு வந்த புதுசுல புதுக்கடைன்னு ஊர் பேரு அடிச்சா புதக்கடைன்னு வந்து நின்னுருக்கு, ஒரு கார்டு முழுக்க அப்படியே அச்சாகி கட்டுக்கட்டா திரும்ப அடிச்சுக் குடுத்தோம். அன்னையில இருந்து எந்த மெஷின்ல வேர்டு போட்டாலும் மொத வேலையா ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய் மேல உள்ள டிக் எல்லாத்தையும் எடுத்திருவோம். நீங்க திருத்துறதுக்கு முன்னால கட்டாயம் எடுங்க, இல்லன்னா கடல்னு திருத்தி ஸ்பேஸ் அடிச்ச உடனே திரும்ப குடல் ஆக்கும்.

வாத்தியார் மகள், குளச்சல்:

இத படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல்ல. ஃபைல் தேதிய பாத்தேன். 2015 வரைக்கும் அடிச்ச ஃபைல் எல்லாம் சுத்தமா இருக்கு, ஒரு பிழை இல்ல. 2016-ல தம்பி அந்த கம்ப்யூட்டர ஃபார்மட் பண்ணி புது வேர்டு போட்டுக் குடுத்தான், அதுக்கப்புறம் அடிச்சதுலதான் எல்லாம். முன்னாடி வேர்டு போட்டுக் குடுத்தது ஒரு டிடிபி கடைக்காரர், அவர் அந்த டிக்க எடுத்து வச்சிருப்பாரு போல. கண் ஆபரேஷன் 2019-ல. தம்பிக்கு போன் பண்ணி சொன்னேன். அப்பா ஒருதடவ நான் ஒண்ணு அடிச்சா இது ஒண்ணு காட்டுதுன்னு சொன்னாங்களாம், கண்ணாடிய மாத்துங்கன்னு சொல்லிட்டு இவன் போயிட்டான். அவனுக்கு இப்ப பேச்சே வரல்ல.

ஒரு சந்தேகம், இது அகராதி மாதிரி எழுதினது, ஒவ்வொரு வார்த்தையும் புது பாராவுல தொடங்குது. அப்ப தலைச்சொல் எல்லாமே மாறியிருக்குமே? எனக்கு தெரிஞ்ச வார்த்தைய திருத்திருவேன், தெரியாத கடல் வார்த்தைய எப்படி கண்டுபிடிக்க? ஆ-வுல இருக்குறது உண்மையிலேயே ஆ-வா, இல்ல அ-வான்னு எனக்கு எப்படி தெரியும்?

வடசேரி பிரஸ்:

மக்ளே, இதுக்கு வழி அப்பாவே வச்சிட்டுப் போயிருப்பாரு. வார்த்தைக்கு கீழ உதாரண வாக்கியம் எழுதியிருக்காரா? வாக்கியத்துக்கு நடுவுல அதே வார்த்தை வந்தா அங்க வேர்டு கை வச்சிருக்காது. தலைச்சொல்ல விட்டுட்டு கீழ நடுவுல உள்ளத நம்பு. ரீப்ளேஸ் ஆல் மட்டும் குடுத்துராத, ஆனால், ஏன், ஓடம் எல்லாம் நெசமாவே பெரிய எழுத்துல தொடங்குறது, அதையும் சேத்து கெடுத்துரும். ஃபைண்டுல ஒவ்வொண்ணா போய் கண்ணால பாத்து மாத்து, 184 பக்கம்தான, ரெண்டு பேரு உக்காந்தா நாலு நாள்.

அச்சுக்கு எங்க குடுக்கப்போற? அவங்க பேஜ்மேக்கர்ங்கிற பழைய பக்கம் அமைக்கிற சாஃப்ட்வேர்ல பண்ணினா யூனிகோடு எடுக்காது, பாமினி ஃபைல அப்படியே குடுத்துரு, மாத்தி கஷ்டப்படாத. இன்டிசைன்னா யூனிகோடு ஓடும், ஆனா பாராகிராஃப் செட்டிங்ல வேர்ல்டு ரெடி கம்போசர் போடச் சொல்லு, இல்லன்னா கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும்.

தோவாளை ஆபீஸ்:

பிரஸ் அண்ணாச்சி சொல்லுறது அச்சுக்கு சரி, ஆனா நாளைக்கு இத யாராவது தேடிப் படிக்கணும்னா யூனிகோடுல ஒரு காப்பி கட்டாயம் வேணும் அக்கா. பாமினி ஃபைல்ல கச்சான்னு தேடினா எதுவும் சிக்காது. தமிழ்நாடு அரசே 2010-ல யூனிகோடுதான்னு ஆணை போட்டாச்சு, அதுக்கு முன்னால ஆபீஸ்ல ஆளுக்கொரு ஃபான்ட், ஒருத்தர் லெட்டர இன்னொருத்தர் திறக்க முடியாம நானே திண்டாடியிருக்கேன். என்எச்எம் கன்வர்ட்டர்ல பாமினியில இருந்து யூனிகோடுக்கு மாத்தலாம், காசு கிடையாது.

ஆனா மூணு விஷயம் பாத்துக்கோங்க. பிழை எல்லாம் திருத்தினப்புறம் மாத்துங்க, முன்னால மாத்தினா எது வேர்டு பண்ணினது, எது அப்பா அடிச்சதுன்னு தெரியாது. இங்கிலீஷ் மீன் பேரு எல்லாம் கன்வர்ட்டர்ல போனா நீங்க பாத்த அதே குழப்பம் வரும், அதனால ஒரிஜினல்ல ஃபைண்ட் போய் ஃபார்மட், ஃபான்ட்ல இங்கிலீஷ் ஃபான்ட் பேர போட்டு தேடி அந்த பேரெல்லாம் தனியா ஒரு தாள்ல எழுதி வச்சுட்டு, மாத்தினப்புறம் கையால திரும்ப அடிங்க. அப்புறம் ஔகாரம். பாமினியில கௌ-வுக்கு கடைசியில போடுறதும் ள-தான், அதனால கௌரி சில நேரம் கெள-ன்னு தனித்தனி எழுத்தா மாறி நிக்கும், பாத்தா ஒண்ணு போல இருக்கும், தேடினா கிடைக்காது. ஃபான்ட்டுக்கு தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட டிஏயூ மருதம் நல்லா இருக்கும், புக்குக்கு லதாவ விட பாக்க லட்சணமா இருக்கும்.

கருங்கல் தம்பி:

அக்கா மன்னிச்சிருங்க, தெரியாம சொல்லிட்டேன். நான் யூனிகோடு மட்டும்தான் பாத்திருக்கேன். திருத்துறதுக்கு ஆள் வேணும்னா சனி ஞாயிறு நான் வாறேன், குளச்சல் பக்கம்தான.

வாத்தியார் மகள், குளச்சல்:

மன்னிப்பெல்லாம் வேண்டாம் தம்பி, நீங்க சொல்லி அது நடந்ததாலதான் இவ்வளவு விஷயமும் வெளிய வந்துச்சு. வந்தா சந்தோசம், அம்மா மீன் குழம்பு வைக்கேன்னு சொல்லுதாங்க.

வாத்தியார் மகள், குளச்சல் (ஒன்பது நாள் கழிச்சு):

எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன். திருத்தி முடிச்சாச்சு. அண்ணாச்சி சொன்ன மாதிரியே கீழ உள்ள உதாரண வாக்கியத்துல சரியான வார்த்தை இருந்துச்சு, பெரும்பாலும் அப்படியே கிடைச்சிட்டு. உதாரணம் எழுதாத வார்த்தை 11 மிஞ்சுச்சு, எனக்கோ அம்மாவுக்கோ தெரியல்ல. அத ஒரு தாள்ல எழுதிட்டு அப்பா சாயங்காலம் போய் உக்காருற எடத்துக்கே தம்பியோட போனேன். அங்க வலை பின்னிட்டு இருந்த ஒரு பெரியவர் ஒவ்வொண்ணா வாயால சொல்லிக் காட்டினாரு, சில வார்த்தைக்கு வாத்தியார் இத என்கிட்டதான் கேட்டாருன்னும் சொன்னாரு. தம்பி பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்டான்.

11-ல 9 சரியாச்சு. ரெண்டு வார்த்தை அவருக்கும் தெரியல்ல, அவரோட அண்ணன் காலத்து வார்த்தையா இருக்கும்னு சொன்னாரு. அந்த ரெண்டையும் ஃபைல்ல உள்ளபடியே விட்டு பக்கத்துல கேள்விக்குறி போட்டு அச்சுக்கு குடுத்திருக்கேன். பிரஸ்ல பேஜ்மேக்கர்தான், பாமினியாவே எடுத்துக்கிட்டாங்க. யூனிகோடு காப்பி பூசைக்கு அப்புறம் மெதுவா பண்ணுவேன், தோவாளை சார், அப்ப கெள கௌ பத்தி திரும்ப உங்ககிட்ட கேக்க வருவேன்.