ஒப்புதல் படிவம்: வாசகம் எழுத உதவி தேவை

வணக்கம். மன அதிர்ச்சிக்கு உள்ளானவர்களோடு மூச்சுப் பயிற்சி, உடல் தொடுகை வழியாக வேலை செய்யும், உளவியல் உரிமம் இல்லாத பயிற்சியாளர்களுக்காக ஒரு படிவம் தயாராகிறது. நோய்க்குப் பெயரிடக் கூடாது, குணமாகும் என்று வாக்குத் தரக் கூடாது, மருந்தை நிறுத்தச் சொல்லவே கூடாது என்பதெல்லாம் எழுதியாயிற்று.

சிக்கல் தொடுகையில்தான். முதல் நாள் வாங்கிய கையெழுத்து போதாது. ஒவ்வொரு முறையும் தொடும் முன் கேட்க வேண்டும். பார்வை நிலைகுத்திப் பதில் நின்றுபோனவரின் மௌனம் சம்மதம் ஆகாது. உடனே கையை எடுத்துவிட்டு, பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லி, அறையில் தெரியும் பொருள்களைப் பெயர் சொல்ல வைக்க வேண்டும். அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் தோண்டக் கூடாது. இதைப் படிப்பவர் மிரளாதபடி எப்படி எழுதலாம்?

உயிருக்கோ குழந்தைக்கோ ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது என்பதை, பயிற்சிக்கு வருபவர் பேசத் தொடங்கும் முன்பே சொல்லியாக வேண்டும். அதற்கான வாசகம் வைத்திருப்பவர்கள் பகிருங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், எந்த நாடு என்றும் குறிப்பிடுங்கள்.