பாட்டில் நிறைந்திருந்தது, ரேடியேட்டர் காலி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிக்கொண்டிருந்தோம். கல்லாறு தாண்டியதிலிருந்து இரண்டாம் கியரிலேயே ஊர்ந்த வண்டி பர்லியாரை நெருங்கும்போது, சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் வெளியேற்றலாம் என்று ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன். வந்ததோ குளிர்ந்த காற்று. வயிற்றைக் கலக்கிவிட்டது. ஹீட்டருக்குள் ஓடுவதும் எஞ்சினைக் குளிர்விக்கும் அதே கூலண்ட் திரவம்தான். எஞ்சின் கொதிக்கும்போது அங்கே சூடு வரவில்லையென்றால், ஓடுவதற்குக் கூலண்டே போதவில்லை என்று பொருள்.

ஓரங்கட்டி பானட்டைத் திறந்தேன். கூலண்ட் பாட்டில் மேல் கோட்டையும் தாண்டி நிறைந்திருந்தது! வாரந்தோறும் அந்தப் பாட்டிலைப் பார்த்துத்தான் நிம்மதியாக இருந்தேன்.

கடையிலிருந்து ஒருவர் குடத்துடன் ஓடிவந்தார். நான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனபோது, காய்கறி லாரி ஓட்டிவந்த பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இப்போது திறந்தால் முகம் வெந்துவிடும். முக்கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள்." உள்ளே அழுத்தத்தை அந்த மூடி பிடித்துவைப்பதால்தான் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அழுத்தம் விட்ட நொடியில் கொதித்துச் சீறும். ரேடியேட்டரின் மேல் ஹோஸ், அதாவது ரப்பர் குழாய், கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பின், ஈரச் சாக்கை மடித்துப் போட்டு அவரே திறந்தார். சிறுகச் சிறுக ஊற்றியதில் இரண்டரை லிட்டர் தண்ணீர் உள்ளே போனது.

பிறகு மூடியைத் திருப்பிக் காட்டினார். மேல்விளிம்பு ரப்பர் வளையத்தில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. சூட்டில் விரியும் கூலண்ட் பாட்டிலுக்குப் போகும். எஞ்சின் ஆறும்போது ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்ச வேண்டும். என் வண்டி அந்த வெடிப்பு வழியே காற்றை உறிஞ்சியிருக்கிறது. நாள்தோறும் கொஞ்சம் கூலண்ட் போயிருக்கிறது, திரும்பி வரவில்லை.

ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொன்னார்கள். எனக்குக் கோபமே வந்தது. எஞ்சின் 80 டிகிரிக்கு மேல் சூடேறும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது அதுதான். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவே நேரமாகும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். மறுத்துவிட்டேன். மூடியை மாற்றி, உட்புறத்தைக் கழுவி, கூலண்டும் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றினேன்.

* * *

மேலே ஒருவர் எழுதிய அனுபவத்தைப் படித்தேன். என் வண்டியிலும் கோளாறு ரேடியேட்டர் மூடியில்தான், வேறு விதமாக. காலையில் பார்த்தால் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடக்கும். ரப்பர் தளர்ந்துவிட்டது என்று இரண்டு முறை ஹோஸை மாற்றினேன். மறுவாரமே பழைய கதை. மூடியின் அடியில், நடுவே, ஒரு சின்னத் தகடு இருக்கிறது. எஞ்சின் ஆறும்போது அது திறந்து பாட்டிலிலிருந்து கூலண்டை உள்ளே விட வேண்டும். என்னுடையதில் கசடு பிடித்து இறுகியிருந்தது. நகத்தால் இழுத்தும் அசையவில்லை. புது மூடியில் சுண்டுவிரல் பட்டாலே எழும்புகிறது.

இப்போது மாதம் ஒருமுறை விடியற்காலையில், எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது, மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்க்கிறேன். வாய்விளிம்பிலேயே விரல் நனைந்தால் மூடிவிட்டுக் கிளம்புகிறேன்.