புதுப்பிப்பு: ரீடரிலிருந்து பூட் ஆகாத லினக்ஸ் கெஸ்ட் (இசட்/விஎம்: ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது கெஸ்ட்களை, ஓட்டும் மென்பொருள்)

போன வாரம் கேட்டிருந்தேனே, லினக்ஸ் இன்ஸ்டாலர் கோப்புகளை எஃப்டிபியில் சிஎம்எஸ் (இசட்/விஎம்மில் பயனர் வேலை செய்யும் சூழல்) மினிடிஸ்க்குக்கு (வட்டில் ஒதுக்கிய பகுதி) அனுப்பி, ரீடருக்குப் (மெய்நிகர் அட்டை வாசிப்பான்) பஞ்ச் செய்து ஐபிஎல் (பூட் கட்டளை) கொடுத்தால் கெஸ்ட் அப்படியே நின்றுவிடுகிறது என்று. தீர்ந்துவிட்டது.

பைனரியில் அனுப்பினால் மட்டும் போதாதாம். கர்னலும் இனிட்ராம்டிஸ்க்கும் (பூட்டின்போது நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்பு முறைமை) 80 பைட் நிலைநீள ரெக்கார்டுகளாகவே போய்ச் சேர வேண்டும் (பஞ்ச் கார்டின் 80 நெடுவரிசை இன்னும் நம்மை விட்டபாடில்லை!). எஃப்டிபியில் புட் (கோப்பை அனுப்பும் கட்டளை) கொடுக்கும் முன் ‘சைட் ஃபிக்ஸ்ரெக்எஃப்எம் 80’ என்று சர்வருக்குச் சொல்லுங்கள். பிறகு ஃபைல்லிஸ்ட்டில் (சிஎம்எஸ் கோப்புப் பட்டியல்) பாருங்கள்: எஃப் 80 (நிலைநீளம்) என்றால் சரி, வி (மாறுநீளம்) என்றால் மறுபடி அனுப்ப வேண்டியதுதான்.

நடுவில் மினிடிஸ்க்கில் எழுத விடாமல் தடுத்தது ராக்எஃப் என்ற பாதுகாப்பு மென்பொருள். மினிடிஸ்க்குகளுக்கான விஎம்எம்டிஸ்க் கிளாஸில் அப்டேட் அனுமதியை பெர்மிட் செய்ததும் வழிவிட்டது. யூஏசிசியையே (தனி அனுமதி இல்லாதவர்களுக்கான பொது அனுமதி) எல்லாருக்கும் திறந்துவிடச் சொன்ன நண்பருக்கு: அண்ணா, வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. திரும்பத் திரும்பப் பஞ்ச் செய்ததில் ரீடரில் பழைய கோப்புகள் குவிந்து, ஸ்பூல் (ரீடர் கோப்புகள் தங்கும் பொது இடம்) நிறைகிறது என்ற எச்சரிக்கை ஆபரேட்டர் கன்சோலில் ஓடிக்கொண்டே இருந்தது. ராத்திரி அதை யார் பார்ப்பது? ப்ராப்பின் (ஆபரேட்டருக்கு வரும் செய்திகளைத் தானாகக் கையாளும் வசதி) ரூட்டிங் டேபிளில் ஒரு வரி சேர்த்து எங்கள் ஐடிக்கே வரவைத்திருக்கிறோம். ரீடரையும் பர்ஜ் செய்து காலியாக்கியாயிற்று.