ஏஞ்சல் மீன் முட்டை எல்லாம் வெள்ளையாகிப் போகிறது, வழி சொல்லுங்கோ

கோண்டாவில் தம்பி:
வணக்கம் அண்ணைமார். எங்கட ஏஞ்சல் சோடி ஃபில்டர் குழாயில் முட்டை இடுகிறது, இரண்டும் மாறி மாறிச் செட்டையால் விசிறிக்கொண்டே நிற்கின்றன, ஆனால் அடுத்த நாள் பார்த்தால் முக்கால்வாசி வெள்ளையாகிப் பஞ்சு மாதிரிப் பூஞ்சை படர்ந்து, கடைசியில் தாய் தகப்பனே தின்றுவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் இதே கதை. கடையில் கேட்டால் இரண்டும் பெண்ணாம், புதுச் சோடியைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர்தான் விடுகிறேன். கப்பி மீன் அதே தண்ணீரில் கணக்கில்லாமல் பெருகுகிறதே?

சுன்னாகம் தொட்டிக்காரன்:
பொறுங்கோ தம்பி, காசை வீணாக்காதீங்கோ. முட்டை முழுவதும் வெள்ளையாகிறதா, சிலது தேன் நிறத்தில் தெளிவாக நிற்கிறதா? ஏஞ்சலில் பெண்ணும் பெண்ணும் சோடி சேர்ந்து முட்டையிடுவது சகசம், ஆனால் அப்படியென்றால் ஒன்றுகூடத் தேறாது. முட்டையிடும் நேரம் வயிற்றடியில் நீளும் குழாயைப் பாருங்கோ. ஆணுக்கு ஒல்லியாய்க் கூராக இருக்கும், பெண்ணுக்குத் தடித்து மழுங்கியிருக்கும்.

கோண்டாவில் தம்பி:
கொஞ்சம் தெளிவாகத்தான் நின்றன. இரண்டாம் நாள் உள்ளே கறுப்பாய்ப் புள்ளி கூடத் தெரிந்தது, பிறகு அதிலும் பஞ்சு.

சுன்னாகம் தொட்டிக்காரன்:
அப்போ ஆண் இருக்கிறது, சோடியை மாற்றாதீங்கோ. எனக்குத் தண்ணீரில்தான் சந்தேகம். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம், கேத்தல் அடியில் படிகிற வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். கப்பிக்கு அந்த வன்தண்ணீர் பிடிக்கும். ஏஞ்சல் அமேசன் ஆற்று மீன், வளர்ந்தது இங்கே சமாளித்துவிடும், முட்டைகள்தான் சரியாகக் கருக்கட்டாமல் போகும். ஐப்பசி கார்த்திகை மழையைப் பிடித்து வையுங்கோ, முதல் மழை கூரையைக் கழுவட்டும், தகரக்கூரைத் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். தனி மழைத்தண்ணீரும் கூடாது, பாதிக்குப் பாதி கலந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கோ.

நல்லூர் அக்கா:
மழை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, குடிக்க விற்கிற, உப்பு வடிகட்டிய ஆர்ஓ தண்ணீரைக் கலந்தாலும் சரி. தொட்டியில் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைச் சாய்த்து வையுங்கோ, அதில் இட்டதும் குழாயோடு தூக்கி அதே தண்ணீர் நிரப்பிய சின்னத் தொட்டிக்கு மாற்றி, பக்கத்தில் குமிழி விடுகிற காற்றுக் கல் போட்டு, இளநீலம் வரும்வரை பூஞ்சையைத் தடுக்கிற மெத்திலீன் புளூ மருந்து விடுங்கோ. வெள்ளை முட்டையை உடனே எடுத்துவிட வேண்டும், பஞ்சு அதிலிருந்துதான் மற்றதுக்குத் தாவுகிறது. 28 பாகையில் 2, 3 நாளில் பொரிக்கும். குஞ்சு நீந்தத் தொடங்க இன்னும் 5 நாள் அளவில் ஆகும், அதுவரை தீன் போடாதீங்கோ. அப்புறம் அன்றன்று பொரித்த ஆர்டீமியா என்ற பொடி இறால் குஞ்சு போடுங்கோ.

கோண்டாவில் தம்பி:
நன்றி அக்கா. மருந்தைக் கலக்க வீட்டுச் சட்டி பாவிக்கலாமா?

நல்லூர் அக்கா:
ஐயோ வேண்டாம், அந்த நீலம் லேசில் போகாது, அம்மாவிடம் நல்லாக வாங்கிக் கட்டுவீங்கள். பழைய யோகட் கப் போதும்.